நான்கு பெட்டிகளும் ஒரு டப்பா மூடிகளும்: தொடக்கப் பள்ளிக்கு எந்த ஆங்கிலச் சொல் விளையாட்டு வாங்கலாம்?

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். தலைமை ஆசிரியரும் நானும் மட்டும்தான். ஒன்றையும் இரண்டையும் அவர் பார்த்துக்கொள்வார், மீதி என் பொறுப்பு. மூன்று வகுப்புப் பிள்ளைகளும் ஒரே அறையில் இருக்கிறார்கள். ஆங்கிலப் பாடவேளையில் ஒரு மூலையில் அரும்புப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பார்கள், இன்னொரு மூலையில் மலர்ப் பிள்ளைகள் பத்தியை வாசித்து முடித்துவிட்டு "அடுத்து என்ன டீச்சர்?" என்று நிற்பார்கள். 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து பிள்ளைகளைக் கற்றல் நிலையை வைத்துத் தொடக்க நிலை, நடு நிலை, மேல் நிலை என்று பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்ற பிரிவு தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் எல்லாருக்கும் பழகிய விஷயம்.

இப்படியொரு அறையில் விளையாட்டுப் பெட்டிகளை வைத்து ஆங்கிலச் சொற்கள் கற்றுக்கொடுக்க முடியுமா, முடியும் என்றால் எதை வாங்குவது என்று பக்கத்துப் பள்ளி டீச்சர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஸ்கிராபிள், ஸ்கிராபிள் ஜூனியர், பாகிள், பனானாகிராம்ஸ் என்று நான்கு பெட்டிகள் என் அலமாரியில் இருக்கின்றன. நான்கையும் பிள்ளைகள் கையில் கொடுத்து, விதிகளை மாற்றி மாற்றி ஆடவிட்டுப் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் ஆடும்போது நல்ல விளையாட்டாக இருப்பது எட்டு வயதுப் பிள்ளைக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை. ஆகவே இது வகுப்பறைக்கான மதிப்புரை மட்டுமே.

நான் ஒரு விளையாட்டை இரண்டு விஷயங்களை வைத்து எடைபோடுகிறேன். தன் முறை வரும்வரை ஒரு பிள்ளை எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறது? கையால் வைத்த சொல்லை அந்தப் பிள்ளை வாயாலும் சொல்கிறதா? இந்த இரண்டையும் தாண்டித்தான் பெட்டியின் அழகு, காய்களின் தரம் எல்லாம்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பெட்டியும் புதுச் சொல்லைத் தானாகக் கற்றுத்தராது. பிள்ளைக்குத் தெரிந்த சொல்தான் அட்டைக்கு வரும். தெரியாத சொல் எப்படி வரும்? படம் காட்டி, நடித்துக் காட்டி, பொருளைக் கையில் கொடுத்து அர்த்தத்தை உண்டாக்குவது ஆசிரியர் வேலை. அப்படி வந்து சேர்ந்த சொல்லை மறக்கவிடாமல் திரும்பத் திரும்ப எடுக்கவைப்பது, எழுத்து வரிசையைக் கையோடு பழக்குவது, இவை விளையாட்டின் வேலை. இந்த வேலையை எந்தப் பெட்டி நன்றாகச் செய்கிறது என்பதுதான் கேள்வி.

முதலில் ஸ்கிராபிள், அதாவது எழுத்துக் காய்களைக் கட்டம் போட்ட அட்டையில் அடுக்கிச் சொல் அமைக்கும் விளையாட்டு. எல்லாரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக்கலைஞர் 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை இல்லாமல் இருந்தபோது உருவாக்கிய விளையாட்டு இது. செய்தித்தாள் பக்கங்களை வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அதை ஒட்டி எழுத்துகளின் எண்ணிக்கையையும் மதிப்பெண்ணையும் அமைத்தார். ஸ்கிராபிள் என்ற பெயர் 1948-இல் ஜேம்ஸ் புரூனோ வைத்தது. ஒரு பெட்டியில் 100 காய்கள். ஈ மட்டும் 12, ஏ 9, ஐ 9, ஓ 8. க்யூ, இசட், ஜே, எக்ஸ், கே ஆகியவை ஒவ்வொன்றுதான். எதுவும் எழுதாத வெற்றுக் காய் 2.

பட்ஸ் எண்ணிய கதையைச் சொன்னால் பிள்ளைகளுக்கு அவ்வளவு பிடிக்கிறது. நான் பெட்டியைப் பிரித்ததும் ஆடவிடுவதில்லை. காய்களைத் தரையில் கொட்டி, ஒரே எழுத்தை ஒரே வரிசையாக அடுக்கச் சொல்வேன். ஈ வரிசை சுவர்வரைக்கும் நீளும், க்யூ ஒற்றையாக நிற்கும். அப்புறம் பாடப்புத்தகத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் பிரித்துக் கொடுத்து, பட்ஸ் செய்த மாதிரியே எழுத்துகளை எண்ணவைப்பேன். எங்கள் புத்தகத்திலும் ஈ எழுத்துதான் முந்தும். இந்த ஒரு வேலைக்காகவே ஸ்கிராபிள் பெட்டிக்குப் பாதி மார்க் கொடுப்பேன். எழுத்துத் தெரியாத அரும்புப் பிள்ளைகூட அடுக்கும், எண்ணும், மற்றவர்களோடு சேர்ந்து கத்தும்.

விதிப்படி ஆட ஆரம்பித்தால்தான் சிக்கல். வெற்றுக் காய் போக மீதி 98-இல் 42 உயிரெழுத்து. ஆங்கிலத்தில் ஆயிரக்கணக்கில் சொல் தெரிந்தவருக்கு இது சரியான விகிதம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்ததெல்லாம் கேட், டாக், ஹென், பிக், சன் மாதிரி மூன்றெழுத்துச் சொற்கள். அவற்றில் ஓர் உயிரெழுத்துக்கு இரண்டு மெய்யெழுத்து வேண்டும். ஏழு காய் எடுத்தால் நான்கு உயிரெழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும், பிள்ளை விழித்துக்கொண்டிருக்கும். விதிப்படி காயை மாற்றினால் அந்த முறை போய்விடும். ஏற்கனவே "எனக்கு இங்கிலீஷ் வராது" என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது இன்னும் ஒரு சாட்சி. ஆகவே என் வகுப்பில் உயிரெழுத்துகளைத் தனிப் பையிலும் மெய்யெழுத்துகளைத் தனிப் பையிலும் போட்டுவிடுகிறேன். இந்தப் பையில் மூன்று, அந்தப் பையில் ஐந்து எடுத்துக்கொள்ளலாம். காய் மாற்றினாலும் முறை போகாது.

மதிப்பெண் முறையும் எனக்கு ஒத்துவரவில்லை. ஃபாக்ஸ் என்று மூன்று எழுத்து வைத்தால் 4, 1, 8 சேர்த்து 13 வரும். எலிஃபண்ட் என்று எட்டு எழுத்தையும் தப்பில்லாமல் வைத்தாலும், ஏழு காயைத் தீர்த்ததற்கான போனஸும் கலர்க் கட்டங்களும் இல்லாமல் பார்த்தால், அதே 13தான். அரிய எழுத்துக்கு அதிக மதிப்பு என்பது ஆட்டத்தின் நியாயம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நீளமான சொல்லை முயன்று பார்த்த பிள்ளைக்கு எதுவும் கூடுதலாகக் கிடைக்கவில்லையே. நான் எழுத்துக்கு ஒரு மார்க் என்று மாற்றிவிட்டேன். சொல்லை வைத்துவிட்டு அதைக்கொண்டு ஒரு வாக்கியம் சொன்னால் இன்னும் மூன்று. வாக்கியம் தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்தாலும் ஒரு மார்க் உண்டு. இதற்கப்புறம் பிள்ளைகள் எக்ஸையும் இசட்டையும் தேடி அலையவில்லை, சொல்லைத் தேடினார்கள். பழைய மதிப்பெண் முறையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதைக் கணக்குப் பாடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். எழுத்து இரட்டிப்பு, சொல் மும்மடங்கு என்று கட்டங்கள் இருப்பதால் கூட்டலும் பெருக்கலும் அவர்களாகவே போட்டுக்கொள்கிறார்கள், அதுவும் எதிரணி பிழை பிடிக்கக் காத்திருக்கும்போது.

அதிகம் போனால் நான்கு பேர்தான் ஆடலாம் என்பது அடுத்த குறை. ஒருவர் யோசிக்கும்போது மூன்று பேர் கொட்டாவி விடுகிறார்கள். இருவர் இருவராகச் சேர்த்து ஓர் அட்டைக்கு எட்டுப் பேரை உட்காரவைத்தால் நிலைமை மாறுகிறது. ஒரு மொட்டும் ஒரு மலரும் காய் வைக்கும் ஒரே ரேக்கைப் பார்த்துக்கொண்டு கிசுகிசுப்பார்கள். "இத முன்னாடி வைடி", "ஐயோ அது வேற பி" என்றெல்லாம் காதில் விழும். அந்தப் பேச்சில்தான் கற்றல் நடக்கிறது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

"வேற பி" என்றது சும்மா இல்லை. தமிழில் ப என்ற ஒரே எழுத்து பந்துக்கும் வரும், கம்பத்துக்கும் வரும். ஒலி மாறும், எழுத்து மாறாது. ஆகவே பஸ் என்று காய் அடுக்கச் சொன்னால் பென்னுக்கு வரும் பி-யை எடுத்து வைக்கும் பிள்ளைகள் எல்லா வருடமும் இருப்பார்கள். கே, ஜி குழப்பமும் டாக்கில் வரும் டி, டேபிளில் வரும் டி குழப்பமும் இதே வகை. வாய் திறக்காமல் ஆடினால் எந்தப் பெட்டியும் இதைச் சரிசெய்யாது. சொல்லை வைக்கும் பிள்ளை தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி வைத்திருக்கிறேன். பால், பேட் என்று பந்தையும் மட்டையையும் சொல்லும்போது உதடு பிரிவதற்கு முன்பே தொண்டை அதிரும், பென் என்று தொடங்கும்போது உயிரெழுத்து வந்த பிறகுதான் அதிரும். பிள்ளைகள் இதை மேஜிக் மாதிரி செய்துபார்க்கிறார்கள்.

ஸ்கிராபிளில் நான் மாற்றாமல் வைத்திருக்கும் நல்ல விதி ஒன்று உண்டு. எதிரணி ஒரு சொல்லைச் சந்தேகப்பட்டால் அகராதியைப் பார்க்கலாம். எங்கள் வகுப்பில் அகராதி என்றால் பல வருடமாக அலமாரியில் தூங்கிய பொருள். இப்போது அதன் ஓரங்கள் அழுக்காகிவிட்டன. "அப்படி ஒரு வார்த்தையே கிடையாது டீச்சர்" என்று சொல்லிவிட்டு அதை நிரூபிக்க ஓடுகிற பிள்ளை, எழுத்து வரிசையில் 'எம்' முன்னால் வருமா 'என்' முன்னால் வருமா என்பதைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது. போட்டி ஸ்கிராபிளில் கி (க்யூ, ஐ), ஸா (இசட், ஏ) மாதிரி இரண்டெழுத்துச் சொற்கள் செல்லும். அவற்றைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யவைக்கும் பயிற்சி வகுப்புகளும் உண்டு. தொடக்கப் பள்ளியில் அது தேவையே இல்லை. பிள்ளைக்கு அர்த்தம் தெரியாத சொல்லை வைத்து மார்க் வாங்குவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

ஸ்கிராபிள் ஜூனியர் வேறு மாதிரி. அட்டைக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கத்தில் சொற்கள் ஏற்கனவே அச்சாகி, பக்கத்தில் படங்களும் இருக்கும். கையில் இருக்கும் எழுத்தை அதே எழுத்தின் மேல் வைக்க வேண்டும். சொல்லின் முதல் எழுத்திலிருந்துதான் தொடங்கலாம், நடுவில் குதிக்க முடியாது. கடைசி எழுத்தை வைத்து முடிப்பவருக்கு ஒரு வில்லை கிடைக்கும். மறுபக்கம் வெற்றுக் கட்டங்கள், அதில் சொந்தமாகச் சொல் அமைக்கலாம்.

அரும்புப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் நான் பார்க்கவில்லை. இடமிருந்து வலம் போகும் பழக்கம் வருகிறது. தோற்பது என்ற பயமும் இல்லை, ஏனென்றால் எந்தக் காய் வந்தாலும் பெரும்பாலும் ஏதோ ஓர் இடத்தில் பொருந்தும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொல்லை வாசிக்கவே தெரியாமல், வடிவத்தைப் பார்த்து வடிவத்தின் மேல் வைத்து ஒரு பிள்ளை ஜெயித்துவிடலாம். ஜெயிக்கிறார்கள். அதனால் கடைசி எழுத்தை வைக்கிறவர் சொல்லை வாசித்து, அதற்குரிய படத்தைத் தொட்டுக் காட்டினால்தான் வில்லை என்று வைத்தேன். உடனே ஆட்டத்தின் வேகம் பாதியானது, பயன் பல மடங்கு ஆனது. ஒரே அட்டை, அதே சொற்கள் என்பதால் கொஞ்ச நாளில் எல்லாச் சொல்லும் மனப்பாடம் ஆகிவிடும். அதுதான் அடுத்த பக்கத்தைத் திருப்ப வேண்டிய நேரம்.

என்னிடம் இருக்கும் பெட்டிகள் எல்லாவற்றிலும் எனக்கு உறுத்துவது பெரிய எழுத்து. காய்களில் இருப்பது கேப்பிட்டல், பாடப்புத்தகத்தில் இருப்பது பெரும்பாலும் ஸ்மால் லெட்டர். பெரிய ஏ-யும் சின்ன ஏ-யும் ஒன்றுக்கொன்று முகம் தெரியாதவர்கள் போல இருக்கின்றன. ஜி, ஆர், ஈ எல்லாம் அப்படித்தான். அட்டையில் தயங்காமல் சொல் அமைத்த பெண் அதே சொல்லைப் புத்தகத்தில் தாண்டிப் போனாள். அவளுக்கு அந்தச் சொல் தெரியும், அந்த உருவம்தான் தெரியவில்லை. அதனால் ஆடி முடித்ததும் அட்டையில் இருக்கும் சொற்களைச் சின்ன எழுத்தில் நோட்டில் எழுதிவிட்டுத்தான் காய்களைக் கலைக்க வேண்டும். எழுதிய பிறகு பக்கத்தில் படம் வரைவார்கள். நோட்டுப் பக்கமே ஒரு சின்ன அகராதி ஆகிவிடுகிறது.

பாகிள் பெட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். விளையாட்டு நல்ல விளையாட்டுதான். நான்குக்கு நான்கு கட்டத்தில் 16 எழுத்துப் பகடைகள். மூடியைப் போட்டுக் குலுக்கினால் வரும் கடகட சத்தத்துக்கே பிள்ளைகள் ஓடிவருவார்கள். மூன்று நிமிட மணல் கடிகாரம் முடிவதற்குள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் எழுத்துகளைக் கோத்து மூன்றெழுத்துக்குக் குறையாத சொற்களை எழுத வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் ஆடுவதால் யாரும் காத்திருப்பதில்லை, அது பெரிய நன்மை. ஆனால் இரண்டு பேர் ஒரே சொல்லை எழுதியிருந்தால் இருவருக்குமே மார்க் கிடையாது என்று ஒரு விதி இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் இது கொடுமை. நன்றாகப் படிக்கும் பிள்ளை எழுதிய பத்தில், மெதுவாகப் படிக்கும் பிள்ளை எழுதிய இரண்டும் இருக்கும். அவன் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த இரண்டும் அடிபட்டுப் போகும். இவன் கணக்கில் எட்டு நிற்கும், அவன் கணக்கில் ஒன்றுமில்லை.

நான் அந்த விதியைத் தலைகீழாக்கினேன். ஒரு சொல்லை எத்தனை பேர் எழுதினார்களோ அத்தனை பேருக்கும் மார்க். வகுப்பு முழுக்கச் சேர்ந்து எத்தனை வேறு வேறு சொற்கள் பிடித்தோம் என்று கரும்பலகையில் எழுதி, நேற்றைய எண்ணிக்கையோடு போட்டி. அப்புறம் பார்த்தால் இதற்குப் பெட்டியே வேண்டாம். கரும்பலகையில் 16 கட்டம் போட்டு, அந்த வாரப் பாடத்தில் வந்த சொற்கள் ஒளிந்திருக்கும்படி எழுத்துகளை நானே நிரப்பிவிடுகிறேன். குலுக்கிப் போட்டால் அமையாத சொற்களும் இதில் அமையும். அந்தச் சத்தம் மட்டும்தான் இல்லை.

இப்போது பனானாகிராம்ஸ். சென்னையில் இருக்கும் தோழி வாங்கி அனுப்பியது. 2006-இல் வந்த விளையாட்டு, வாழைப்பழ வடிவத்தில் ஒரு துணிப்பை, உள்ளே 144 எழுத்துக் காய்கள். அட்டை இல்லை, மார்க் இல்லை. ஒவ்வொருவரும் தன் முன்னால் தனக்கென்று ஒரு குறுக்கெழுத்தைக் கட்டிக்கொண்டே போக வேண்டும். கையில் இருப்பதைத் தீர்த்தவர் 'பீல்' என்று கத்தினால் எல்லாரும் ஆளுக்கொரு காய் எடுக்க வேண்டும். பொருந்தாத காயைத் திருப்பிப் போட்டுவிட்டு மூன்று எடுத்துக்கொள்ளலாம், அதற்கு 'டம்ப்'.

நான்கு பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், காரணம் மிக எளிது. யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அதைவிட முக்கியமானது இன்னொன்று. வைத்த சொல்லைக் கலைத்துத் திரும்ப அமைக்கலாம். பேட் என்று வைத்த பையன் முதல் எழுத்தை மட்டும் மாற்றி கேட் ஆக்குவான், அதையே மேட் ஆக்குவான், பின்னால் இன்னோர் எழுத்தைச் சேர்த்து நீட்டிப் பார்ப்பான். எழுத்து மாறினால் சொல் மாறும் என்பது விரல்களுக்குப் புரிகிறது. நோட்டில் எழுதிய பிழையை ரப்பரால் அழித்தால் தடம் நிற்கும். இதில் காயை நகர்த்தினால் பிழை நடந்த அடையாளமே இருக்காது. பிழைக்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் பிள்ளைகள் இந்த ஒரு விளையாட்டில்தான் கையை நீட்டினார்கள்.

நான்கு பேர் வரை ஆடினால் விதிப்படி ஆளுக்கு 21 காய் எடுக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அது மிரட்சியாக இருக்கும். ஒன்பதில் தொடங்கினால் போதும். 'பீல்' கத்தும் வேகப் போட்டியையும் மலர் குழுவுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். மற்றவர்களுக்கு வேகம் தேவையில்லை, மணி அடிக்கும்வரை கட்டிக்கொண்டே போகலாம். வாய்ப்பேச்சு குறைந்துவிடும் என்பது இதன் பலவீனம். எல்லாரும் குனிந்த தலை நிமிராமல் இருப்பார்கள். ஆகவே கடைசிப் பத்து நிமிடம் ஒவ்வொரு குறுக்கெழுத்தாகச் சுற்றி வந்து, கட்டியவர் வாசிக்க, மற்றவர்கள் அர்த்தம் கேட்க வேண்டும். "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று பிள்ளை பிள்ளையைக் கேட்கும்போது வரும் பதில் பெரும்பாலும் என் பதிலைவிடத் தெளிவாக இருக்கிறது.

மலிவாகக் கிடைக்கும் போலிப் பெட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருவிழாக் கடையில் வாங்கிய ஒன்றில் எழுத்துகள் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தன, மழைக்காலத்தில் உரிந்துவிட்டன. எழுத்துகளின் எண்ணிக்கையிலும் ஒழுங்கில்லை, ஈ எழுத்தும் க்யூவும் ஏறக்குறைய சமமாக இருந்தன. அதை வைத்து ஆட முடியாது. அந்தக் காசுக்குக் கையால் செய்துகொள்வது எவ்வளவோ மேல்.

செய்துகொள்ளலாம் என்று சொல்வது வெறும் ஆறுதலுக்கு இல்லை. குளிர்பான பாட்டில் மூடிகளைப் பிள்ளைகளையே சேர்த்துக்கொண்டு வரச் சொன்னேன். நன்றாகக் கழுவிக் காயவைத்து, அழியாத மார்க்கரால் சின்ன எழுத்துகளை எழுதினோம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மூடி வட்டமாக இருப்பதால் எந்தப் பக்கம் மேல் என்று தெரியாது. பேட்டுக்கு வரும் சின்ன பி-யைத் தலைகீழாகத் திருப்பினால் அது க்யூ ஆகிவிடும். சின்ன 'என்' எழுத்தைத் திருப்பினால் 'யூ'. டாக்கில் வரும் டி-யைத் திருப்பினால் பென்னில் வரும் பி. ஆகவே ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே ஒரு சிவப்புக் கோடு கட்டாயம். கோடு தன் பக்கம் இருக்க வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். உயிரெழுத்துக்கு ஒரு நிற மூடி, மெய்க்கு வேறு நிறம் என்று வைத்தால் இன்னும் நல்லது. எண்ணிக்கைக்கு பட்ஸின் பட்டியலையே பின்பற்றலாம், உயிரெழுத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் பள்ளியில் பனானாகிராம்ஸ் பையைவிட அதிகமாகப் புழங்குவது இந்த மூடி டப்பாதான். தொலைந்தால் யாரும் பதறுவதில்லை, இன்னொரு மூடி எழுதிக்கொள்கிறோம்.

காசே செலவில்லாத விளையாட்டுகளில் நேம், பிளேஸ், அனிமல், திங் எல்லாருக்கும் தெரியும். ஈ வந்தால் ஈரோடு, ஓ வந்தால் ஊட்டி என்று பிள்ளைகள் போட்டிபோட்டு எழுதுவார்கள். ஆனால் ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் ஆங்கிலச் சொல்வளத்துக்கு எதுவும் சேர்க்கவில்லை, நான்கு பத்தியில் இரண்டு வீண். அவற்றை எடுத்துவிட்டு, சாப்பிடும் பொருள் என்று ஒன்றும் செய்யும் வேலை என்று ஒன்றும் போட்டேன். ரன், ரீட், ரைட் எல்லாம் அந்தக் கடைசிப் பத்தியில்தான் வருகின்றன. மறைத்து வைத்த சொல்லை எழுத்து எழுத்தாக ஊகிக்கும் ஹேங்மேன் ஆட்டத்தில், தவறுக்குத் தூக்குமரம் வரைவதைப் பிள்ளைகள் முன் நான் செய்வதில்லை. ஒவ்வொரு தவறான எழுத்துக்கும் வாளி கிணற்றுக்குள் ஒரு படி இறங்கும், அவ்வளவுதான்.

இந்த எல்லா விளையாட்டிலும் பொதுவாக ஒரு போதாமை இருக்கிறது. பெயர்ச்சொற்களையே சுற்றிவரும். வாசிப்பதற்குப் பெயர்ச்சொல் மட்டும் போதாது. எட்வர்ட் டால்ச் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1936-இல் பிள்ளைகளின் புத்தகங்களில் அடிக்கடி வரும் 220 சொற்களைப் பட்டியலிட்டார். பெயர்ச்சொற்களை வேண்டுமென்றே விட்டுவிட்டு, அவற்றில் 95-ஐத் தனிப் பட்டியலாக வைத்தார். தி, செட், வேர், கம், வாஸ் மாதிரி சொற்கள் அந்த 220-இல் உண்டு. படம் வரைந்து காட்ட முடியாத சொற்கள், எழுத்துக் கூட்டினாலும் சரியாக வராத சொற்கள். இவற்றுக்கு எந்தப் பெட்டியும் உதவவில்லை. உதவியது தம்போலா. ஒன்பது கட்டத்தில் ஆளுக்கு ஒன்பது சொல்லைப் பிள்ளைகளே எழுதிக்கொள்வார்கள். நான் சொல்லைத் தனியாகச் சொல்லாமல் வாக்கியத்துக்குள் வைத்துச் சொல்வேன், காது கொடுத்துக் கேட்டு அடிக்க வேண்டும். வரிசை நிறைந்ததும் கத்துகிற பிள்ளை அந்த மூன்று சொல்லையும் திரும்ப வாசிக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் தூக்க நேரத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

"பள்ளிக்கூடத்துல வெளையாட்டுதான் சொல்லிக்குடுக்குறீங்களாம்ல டீச்சர்?" என்று ஒரு பாட்டி வாசலில் நின்று கேட்டார். கோபமில்லை, கவலைதான். பேத்தியின் படிப்பு அவருக்கு அவ்வளவு முக்கியம். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். பேத்தி மூடிகளை அடுக்கி ரைஸ், மில்க், எக் என்று வைத்து ஒவ்வொன்றாக வாசித்து, பாட்டிக்குத் தமிழில் சொன்னாள். வீட்டில் ஆட ஒரு செட் எழுதித் தரச் சொல்லி அந்தப் பாட்டியே அடுத்த வாரம் ஒரு பை நிறைய மூடி கொடுத்தனுப்பினார். பெற்றோர் கூட்டத்தில் விளக்கிச் சொல்வதைவிட இப்படி ஒருமுறை பார்க்கவைப்பது நல்லது என்பது என் எண்ணம்.

சரி, எதை வாங்கலாம்? கையில் கொஞ்சம்தான் காசு என்றால் எதுவும் வாங்க வேண்டாம், ஒரு மார்க்கரும் ஓர் அகராதியும் போதும். ஒரு பெட்டிக்குக் காசு இருந்தால், அரும்புப் பிள்ளைகள் அதிகமுள்ள வகுப்புக்கு ஸ்கிராபிள் ஜூனியர். மொட்டும் மலரும் அதிகமென்றால் பனானாகிராம்ஸ், இது எல்லாக் கடையிலும் கிடைக்காது, ஆன்லைனில் பார்க்க வேண்டியிருக்கும். பெரிய ஸ்கிராபிள் ஐந்தாம் வகுப்புக்கும் நடுநிலைப் பள்ளிக்கும் அருமையான பொருள், நான் சொன்ன மாற்றங்களோடு. வீட்டில் ஒரே பிள்ளைக்காக வாங்கும் பெற்றோர் தயங்காமல் ஜூனியரை வாங்கலாம், ஆனால் கூட உட்கார்ந்து ஆட வேண்டும்.

எதை வாங்கினாலும் காய்களை எண்ணித் திருப்பி வைக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். ஸ்கிராபிள் காய் 100 என்பது வசதியான எண்: பத்துப் பத்தாகப் பத்து வரிசை அடுக்கினால் குறைவது உடனே தெரியும். எங்கள் வகுப்பில் அரும்புப் பிள்ளைகள்தான் இதைச் செய்கிறார்கள். ஒரு காய் குறைந்தால் எந்த எழுத்து குறைகிறது என்று அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள், நான் அட்டையில் வெட்டி எழுதிக் கொடுப்பேன்.